டச்சுக் களஞ்சியமா, ஆங்கிலேயக் களஞ்சியமா?

நியூயார்க் மாநிலத்து ஹட்சன் பள்ளத்தாக்கில் 18-ஆம் நூற்றாண்டு மரக் களஞ்சியங்களைப் பார்ப்பவர்கள் முதலில் வண்டிக் கதவைத் தேடட்டும். கூரை முக்கோணமாக முடியும் குறுகிய சுவரில் இருந்தால் டச்சு வகை. நீளச் சுவரின் நடுவில் இருந்தால் ஆங்கிலேய வகை. பிற்காலத்தில் கதவை இடம் மாற்றியவையும் உண்டு, ஆகவே உள்ளேயும் போய்ப் பாருங்கள்.

டச்சுக் களஞ்சியத்தில் நடுவே கதிரடிக்கும் களம். இருபுறமும் தாழ்ந்த கூரையின் கீழ் மாடுகளும் குதிரைகளும் களத்தை நோக்கி நிற்கும்; களத்தில் நின்றபடியே தீனி போடலாம். எனக்கு அலுக்காதவை அதன் தூண்கள். உத்திரத்தின் முனை தூணை ஊடுருவி, மறுபுறம் வட்டமாகச் செதுக்கிய நாக்கைப்போல நீட்டிக்கொண்டிருக்கும். பெரிய களஞ்சியங்களில் அது ஒரு அடி வரைகூட நீளும். அதில் மர ஆப்பு அடித்து இறுக்கியிருப்பார்கள். ஆணியை நம்பாத அருமையான தச்சு!

ஆங்கிலேய வகை எளியது. மூன்றே கட்டு: நடுவில் களம், ஒருபுறம் தொழுவம், மறுபுறம் வைக்கோல். எதிரெதிர்க் கதவுகளைத் திறந்தால் தூற்றக் காற்று வரும்; டச்சு வகையிலும் இந்த வசதி உண்டு. சிறு பண்ணைக்கு, அளவான மரத்தில் கட்டி முடிக்க ஆங்கிலேய வகையே ஏற்றது. அழகுக்கு என் வாக்கு டச்சுக்குத்தான்.