ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து நாலு வருஷம்: அண்ணாந்து குடிக்க முடியாத தண்ணீர்

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு டிப்போ டிரைவர் ஒருவன் போன் போட்டான். ஒருத்தருக்கொருத்தர் மாப்ளதான். "மாப்ள, எனக்கும் தேதி குடுத்துட்டாக. மே மாசம். ஸ்லீவுதான். முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்னு நீ நெனச்சது எதாச்சும் இருந்தா சொல்லு" என்றான். அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஸ்லீவ் என்றால் உடம்பு எடை குறைய வயிற்றை வெட்டிச் சின்னதாக்கும் ஆபரேஷன். என் கணக்கு: 2022 மார்ச்சில் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செய்தேன். உயரம் 170 செ.மீ., எடை 128 கிலோ. சுகருக்கு மூன்று வேளை மாத்திரை, தூக்கத்தில் மூச்சு அடைக்காமல் இருக்க ராத்திரி முகத்தில் மிஷின். பதினாறாவது மாதம் 81 கிலோ. இன்றைக்கு 89. சுகர் மாத்திரை நின்றுவிட்டது. மிஷின் பரணில் கிடக்கிறது. நான் கண்டக்டர், மதுரை–தேனி வண்டி. அந்தக் காலத்தில் கூட்ட வண்டியில் முன்படிக்கும் பின்படிக்கும் நடுவே என்னால் போக முடியாது. ஸ்டாப்பில் கீழே இறங்கி ஓடிப் பின்படியில் ஏறுவேன். இப்போது முகூர்த்த நாள் கூட்டத்திலும் நடுவிலேயே போய் டிக்கெட் போட்டுத் திரும்பி வருகிறேன். பொம்பளைப் பிள்ளைகள் ஒதுங்கி நெளிய வேண்டியதில்லை. இந்த ஒன்றுக்காகவே அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனாலும் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அது தண்ணீரைப் பற்றியது.

ஆபரேஷனுக்கு முன்னால் எல்லோரும் சோற்றைப் பற்றித்தான் பயமுறுத்தினார்கள். இனிமேல் பிரியாணி முடியாது, கறி தோசை முடியாது, விருந்து வீட்டுப் பந்தியில் உட்கார முடியாது என்றார்கள். சோறு பெரிய கஷ்டமே இல்லை. வயிற்றில் நாலில் மூன்று பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்த வெட்டி எடுக்கும் மேல்பகுதியில்தான். முதல் வருஷம் எனக்குப் பசி என்பதே மறந்துபோனது. ஆனால் தாகம் எங்கேயும் போகவில்லை, பழையபடியே இருந்தது.

வெட்டி எடுத்த அந்த மேல்பகுதிதான் உள்ளே வருவதற்கு ஏற்ப பை மாதிரி விரிந்து கொடுப்பது. மிஞ்சியிருப்பது வாழைப்பழம் கணக்கான ஒரு குழாய். அதற்கு விரியத் தெரியாது. நாம் தண்ணீர் குடிப்பது எப்படி? செம்பைத் தூக்கி அண்ணாந்து, வாயில் படாமல், மடமடவென்று. கூடவே காற்றும் உள்ளே போகும். ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் வீட்டில் பழக்கதோஷத்தில் அப்படி இரண்டு மடக்கு ஊற்றினேன். நெஞ்சுக்கு நடுவில் கல்லை வைத்து அழுத்தியது போல ஒரு வலி. அப்படியே வெளியே வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மா அழுதுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் இதற்கு இரண்டே வரி: ஒரு நாளைக்கு 2 லிட்டர், சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது. சாப்பிட்டு 30 நிமிடம் கழித்துத்தான் குடிக்கலாம் என்று டயட்டீஷியன் அம்மா வாயால் சொன்னார். காரணம் நியாயமானது. இருக்கிற சின்ன இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் சாப்பாடு இறங்காது, வாந்தி வரும். கொஞ்ச நாள் போனால் தண்ணீர் சோற்றைச் சீக்கிரம் கீழே தள்ளிவிட்டு வயிறு நிறைந்த உணர்வே இல்லாமல் செய்துவிடும். எல்லாம் சரி. ஆனால் ஒரு நாளுக்கு இது எப்படிக் கூடும் என்று யாரும் என்னோடு உட்கார்ந்து கணக்குப் போடவில்லை.

நான் போட்ட கணக்கு இது. சாப்பாடு ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு வேளை மென்று முடிக்க 25 நிமிடம், பிறகு காத்திருக்க 30. ஆக 55. ஆறு வேளைக்கு ஐந்தரை மணி நேரம் தண்ணீர் தொடக் கூடாது. விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் மிச்சம் பத்தரை. அதில் 2 லிட்டர் என்றால் மணிக்கு 190 மில்லி. மருந்து குடிக்கும் 30 மில்லி கப்பால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, நாள் பூராவும். கையில் டிக்கெட் மிஷின், தோளில் பை, ஆரப்பாளையத்தில் எடுத்தால் செக்கானூரணி வரை நிற்க நேரமில்லாத கூட்டம். இதில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எங்கே குடிப்பது?

நம் ஊர்ச் சாப்பாட்டில் பாதி தண்ணீர்தான். ரசம், மோர், காலையில் நீராகாரம். சாப்பாடு குறைந்ததும் அந்தத் தண்ணீரும் சேர்ந்து போய்விடுகிறது. இதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

பதினேழாம் நாள், ஏப்ரல் வெயில், பாத்ரூமில் மயங்கி விழுந்தேன். வாந்தி எடுத்து எடுத்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. பக்கத்தில் இருந்த வேறொரு ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிப் போனார்கள். குளுக்கோஸ் பாட்டிலை மாட்டப் போன நர்ஸை டூட்டியில் இருந்த டாக்டரம்மா நிறுத்தினார். என்ன ஆபரேஷன், எத்தனை நாளாக வாந்தி என்று கேட்டுவிட்டு, முதலில் வைட்டமின் பி1 ஊசி போடச் சொன்னார். நாள்கணக்கில் வாந்தி எடுத்தால் உடம்பில் பி1, அதாவது தயமின், தீர்ந்துவிடுமாம். அந்த நிலையில் அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையைத் தாக்கலாம், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும் என்று விளக்கினார். சின்ன வயதுதான் இருக்கும் அவருக்கு. அவரை நான் மறக்க மாட்டேன். மாப்ள, உனக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: வாந்தி ஒரு நாளுக்கு மேல் நிற்கவில்லை என்றால் வீட்டில் படுத்துக் கிடக்காதே. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஸ்லீவ் செய்திருக்கிறது என்று வாய் திறந்து சொல், வீட்டுக்காரிக்கும் சொல்லி வை.

மற்றதையெல்லாம் சுருக்கமாகச் சொல்கிறேன். நாலாவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, வருஷத்துக்குள் முளைத்துவிட்டது. வயிற்றுத் தோல் தொங்குகிறது, அது சுருங்காது. வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் சேரும் என்று ஆறு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். அதை ஒரு நாளும் விடவில்லை, கல் வரவில்லை. இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடக் கூடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையோடு டீயும் ஆகாது. பி12, டி வைட்டமின் மாத்திரை எல்லாம் ஆயுசுக்கும் உண்டு, வருஷா வருஷம் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இன்சூரன்ஸ் கேட்டாய் அல்லவா, பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 40க்கு மேல், அல்லது 35க்கு மேல் இருந்து கட்டுக்கடங்காத சுகர், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் மாதிரி நோய் இருந்தால் கேட்கலாம். பாலிசியில் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்.

மறுபடியும் தண்ணீருக்கே வருகிறேன்.

இரண்டாவது வருஷம் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு, கூட வேலை பார்க்கும் பையன் வீட்டுக்குப் போனேன். நல்ல வெயில். வாசலில் நுழைந்ததும் அவன் அப்பா செம்பு நிறையத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். அண்ணாந்து குடிக்க முடியாது. வாய் வைத்துச் சப்பினால் செம்பு எச்சிலாகிவிடும். அதனால் கொஞ்சமாக இரண்டு தடவை வாயில் விட்டு நனைத்துக்கொண்டு திண்ணையில் வைத்துவிட்டேன். அந்தப் பெரியவர் செம்பையும் என்னையும் பார்த்தார். "ஏன் தம்பி, எங்க வீட்டுத் தண்ணி எறங்கலையா?" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பார், யார் குடிக்கமாட்டார் என்பதற்கு நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெரியவர் தன் ஆயுளில் எத்தனை பேர் அப்படி வைத்துவிட்டுப் போனதைப் பார்த்திருப்பார்! எனக்கு உடம்பே கூசிவிட்டது. சட்டையைத் தூக்கி ஐந்து தழும்பையும் காட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு டம்ளர் கொண்டு வந்தார். அதை ஒட்டக் குடித்து முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து பையில் என் டம்ளர் ஒன்று எப்போதும் இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் அதை நீட்டி, இதில் ஊற்றுங்கள் என்று நானே முதலில் கேட்டுவிடுவேன். சித்திரைத் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தலிலும் அப்படித்தான்.

எடை 81ல் இருந்து 89க்கு ஏறியதும் இதனால்தான். வெறும் தண்ணீர் வலித்தது. குளிர்ந்த தண்ணீர் இன்னும் மோசம். ஆனால் பருத்திப்பால் மெதுவாக உறிஞ்சினால் இறங்கியது. நன்னாரி சர்பத், ஜிகர்தண்டா எல்லாம் ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட இதமாக இருந்தன. தாகத்துக்குத்தானே என்று ஒரு வருஷம் ஓடியது. இந்தக் குழாய் கறியைத் தடுக்கும், பரோட்டாவைத் தடுக்கும், சர்க்கரைத் தண்ணீரைத் தடுக்கவே தடுக்காது. சர்பத்தை விட்டு எட்டு மாதமாகிறது, எடை 89லேயே நிற்கிறது.

என்னைக் காப்பாற்றியது நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும். உசிலம்பட்டி ஸ்டாண்டில் ஜன்னல் ஜன்னலாகத் தூக்கி விற்பார்களே, அதே பிஞ்சு. மென்று தின்றால் தண்ணீர் தன்னால் இறங்குகிறது. தோல் நீக்கிய நுங்கு இன்னும் மேல், தொண்டையில் இறங்கும்போது பழைய தாகம் தீர்ந்த மாதிரியே இருக்கும். பனங்காய் வெட்டும் அம்மா ஒருவர் சாலை ஓரத்தில் எனக்கென்று நாலு சுளை இலையில் கட்டி வைத்திருப்பார். வீட்டில் சீரகத் தண்ணீர், வெதுவெதுப்பாக. எங்கள் பேட்ச்சில் செய்துகொண்ட மற்றவர்கள் ஒரு வருஷத்தில் எங்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது, மடக் மடக்கென்று குடிக்கிறோம் என்கிறார்கள். எனக்கு ஆகவில்லை. ஆளுக்கு ஆள் மாறும் என்று டாக்டர் சொல்கிறார்.

எடை குறைக்கும் ஊசி பற்றியும் மாப்ள கேட்டான். மவுஞ்சாரோ என்ற அந்த ஊசி 2025 மார்ச்சில்தான் இங்கே வந்தது. நான் செய்துகொண்ட காலத்தில் அது கிடையாது. ஊசியை நிறுத்தினால் எடை திரும்ப ஏறுகிறது என்கிறார்கள். உன் சுகரையும் சம்பளத்தையும் வைத்து டாக்டரிடம் நேராகக் கேள்.

கடைசியாக, "இன்னொரு தடவ வாய்ப்பு கெடச்சா செய்வியா?" என்றான். சுகர் இல்லை, மிஷின் இல்லை, பஸ்ஸில் நடக்கிறேன். இத்தனையும் சொல்லிவிட்டு, செய்யமாட்டேன் என்றுதான் சொன்னேன். அன்றைக்கு மத்தியானம் தேனியில் இருந்து திரும்பும்போது ஆண்டிபட்டிக் கணவாயில் டயர் பஞ்சர். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். பயணிகள் எல்லோரும் பாட்டிலைத் தூக்கி மடமடவென்று குடிக்கக் குடிக்க நான் 30 மில்லி கப்பை வைத்துக்கொண்டு நின்றேன். மார்கழியில் கேட்டிருந்தால் வேறு சொல்லியிருப்பேனோ என்னவோ.

மே மாதத்தை மட்டும் தள்ளிப்போடு, ஐப்பசியில் வைத்துக்கொள் என்று அவனிடம் கெஞ்சியிருக்கிறேன். லீவு கிடைத்துவிட்டது என்று யோசிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன். கோழிக்குழம்பும் சோறும் போட்டு, பக்கத்தில் தண்ணீர் வைக்காமல் சாப்பிடச் சொல்லப் போகிறேன். சாப்பிட்டு அரை மணி நேரம் உட்காரட்டும். பிறகு அந்த மருந்துக் கப்பில் ஊற்றிக் கொடுக்கிறேன்.