அகஸ்டஸின் தெனாரியஸ்: வெள்ளியில் குறையில்லை, அட்டையில்தான் குறை

லண்டனில் ஒரு பழங்காசுக் கடையில் கடந்த மாதம் 120 பவுண்டு கொடுத்து நான் வாங்கிய தெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக்காசு, ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் லுக்துனும் நகரின், அதாவது இன்றைய பிரான்சின் லியோன் நகரின், அக்கசாலையில் அடிக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது. எடை 3.7 கிராம். தேய்ந்த விளிம்பில் எங்கும் செம்பு தலைகாட்டவில்லை என்பதால், வெள்ளி முலாம் பூசிய அக்காலத்துக் கள்ளக்காசோ என்ற ஐயம் எழவில்லை. முகப்பில் இலைமாலை சூடிய பேரரசரின் மூக்கு மழுங்கியிருந்தாலும் எழுத்துகளைப் படிக்க முடிகிறது. 'தேசத்தந்தை' என்ற பட்டம் அவருக்குக் கி.மு. 2இல்தான் வழங்கப்பட்டது என்பதால், அதைத் தாங்கிய இக்காசு அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது.

காசுடன் தந்த அட்டைதான் ஏமாற்றமளித்தது. 'பின்புறம்: கேடயங்களுடன் இரு போர்வீரர்கள்' என்பதோடு அது முடிந்துவிடுகிறது. அவர்கள் போர்வீரர்களே அல்லர். தோகா என்ற ரோமானிய மேலாடை அணிந்து நிற்கும் அவ்விருவர், அகஸ்டஸின் மகள் ஜூலியாவுக்கும் அவருடைய படைத்தலைவர் அக்ரிப்பாவுக்கும் பிறந்து, கி.மு. 17இல் பாட்டனாராலேயே மகன்களாகத் தத்தெடுக்கப்பட்ட காயுஸும் லூசியுஸும் ஆவர். கேடயமும் ஈட்டியும்கூடக் களத்துக்கு உரியவை அல்ல. குதிரைவீரர் வகுப்பினர் அவர்களை 'இளைஞர்களின் தலைவர்' என்று கொண்டாடி, வெள்ளியில் செய்து அளித்த பரிசுகள் அவை. இருவருக்கும் மேலே, கடைக்காரர் கண்ணில் படாமலே போன இரண்டு சிறு பொருள்கள் இருக்கின்றன: வேள்வியில் மது வார்க்கும் அகப்பை காயுஸின் குருப்பதவியையும், பறவைகளின் போக்கைக் கொண்டு நிமித்தம் பார்ப்போர் ஏந்தும் வளைகோல் லூசியுஸின் பதவியையும் குறிக்கின்றன. எனக்கு அடுத்து இவர்களே என்று பேரரசர் ஊரெங்கும் கைக்குக் கை அனுப்பிய அறிவிப்பு இது. ஆயினும் லூசியுஸ் கி.பி. 2இலும் காயுஸ் கி.பி. 4இலும் இறந்துவிட, அரியணை, பேரரசரின் மனைவிக்கு முந்தைய மணத்தில் பிறந்த திபேரியுஸுக்குப் போயிற்று.

இதே வகைக் காசு கொங்கு நாட்டுப் புதையல்களில் மிகுதியாகக் கிடைத்திருப்பதால், இது எங்கே கிடைத்தது என்று கேட்டேன். 'பழைய சேகரிப்பு' என்பதற்கு மேல் விடை வரவில்லை. தொல்பொருள் விற்பவருக்கு இந்தப் பதில் அழகல்ல. உண்மைத்தன்மைக்கு எழுத்து உறுதியும், நேர்த்தியான பொதியும், திருப்பிக் கொடுக்க இரு வார அவகாசமும் தந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அகப்பையையும் வளைகோலையும் காட்டியபோது கடைக்காரர் உருப்பெருக்கியை வாங்கிப் பார்த்து, விவரத்தைத் திருத்துவதாகச் சொன்னார். அவர்களிடம் விற்பனைக்குள்ள இன்னொரு பிரதியின் அட்டையில் நேற்றும் அந்த இரு போர்வீரர்கள்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.