முஷ்டி இல்லாத தற்காப்பு வகுப்பு: ஒரு மதிப்புரை

கோவையில் எங்கள் வீட்டுக்கு அருகில் இருக்கும் கராத்தே கூடம் ஒன்று, பெரியவர்களுக்காக வார இறுதியில் தற்காப்பு வகுப்பு நடத்துகிறது. குறைகளையும் எழுதவிருப்பதால் கூடத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே முறையில் வேறு ஊர்களில் நடக்கும் வகுப்புகளில் சேர நினைப்பவர்களுக்கும் இந்த மதிப்புரை பயன்படக்கூடும். பெல்ட் தேர்வு, போட்டி என்று எதுவும் இங்கே கிடையாது. முஷ்டியால் அடிக்கும் அடி எதையும் கற்றுத்தருவதில்லை என்பதுதான் இவ்வகுப்பின் தனித்தன்மை. உள்ளங்கையின் அடிப்பகுதி, கையின் விளிம்பு, முன்கை, முழங்கை ஆகிய நான்கோடு பாடத்திட்டம் நின்றுவிடுகிறது. கராத்தே கூடத்தில் இப்படியா என்று கேட்கத் தோன்றும். ஆனால் கராத்தேயிலேயே தெய்ஷோ (உள்ளங்கையின் அடிப்பகுதி), ஷுத்தோ (கையின் விளிம்பு) என்ற பெயர்களில் இத்தகைய அடிகள் இருக்கின்றன. பல கூடங்களில் அவை கத்தாவில், அதாவது எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் வரிசை அசைவுகளில், மட்டும் வந்துபோகின்றன; பேடில், அதாவது ஒருவர் கையில் பிடிக்கும் மெத்தைப் பலகையில், அடித்துப் பழக்கப்படுவதில்லை.

இந்த முடிவு சரியானது என்பதே என் கருத்து. ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. அவற்றுள் சுண்டுவிரலுக்கு நேர் கீழே உள்ளங்கையில் இருக்கும் எலும்பு, விரல் முட்டியை ஒட்டிய கழுத்துப் பகுதியில் எளிதாக முறியக்கூடியது. கடினமான ஒன்றை முஷ்டியால் குத்தும்போது அந்த இடத்தில் ஏற்படும் முறிவுக்கு 'பாக்ஸர் முறிவு' என்று பெயர் இருந்தாலும், அது பெரும்பாலும் வருவது பயிற்சியில்லாமல் குத்துபவர்களுக்குத்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் முட்டிகளால் குத்த வேண்டும் என்று பழகியவருக்குத் தெரியும். பழகாதவர் கை வீசும்போது வெளிப்பக்க முட்டிகளே முதலில் மோதுகின்றன. பழகியவருக்கும் முழு உத்தரவாதம் இல்லை. 1988-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், முன்பு குத்துச்சண்டை வளையத்துக்குள் தாம் வென்றிருந்த மிட்ச் கிரீனுடன் தெருவில் மோதியபோது, உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த மைக் டைசனுக்கே வலக்கை எலும்பு முறிந்தது. வளையத்தில் அவர் கையைக் காத்தது கட்டுத்துணியும் கையுறையும். தெருவில் இரண்டும் இல்லை. இதோடு, எதிரியின் பல் பட்டு விரல் முட்டி கிழிந்தால் வாயிலுள்ள கிருமிகள் மூட்டுக்குள் இறங்கிச் சீழ் பிடிக்கும் அபாயமும் உண்டு; சிறு கீறல்தானே என்று விட்டுவிடக்கூடாத காயம் அது.

சொல்லித்தரும் விதம்தான் இவ்வகுப்பின் பலம். உள்ளங்கை அடிக்கு மணிக்கட்டைப் பின்னால் மடக்கி, விரல்களைச் சற்றே வளைத்து, கட்டைவிரலை ஒட்டி வைத்துக்கொண்டு, முழங்கையைக் கீழ்நோக்கி வைத்து முகவாயை நோக்கித் தள்ள வேண்டும். மணிக்கட்டுக்கு அடுத்துள்ள தடித்த சதை மோதும்போது, தாக்கம் சிறு எலும்புகளைச் சுற்றாமல் நேராக முன்கைக்குப் போகிறது. அடி சரியாக விழுந்ததா என்பதை மாஸ்டர் ஓசையை வைத்தே சொல்லிவிடுகிறார். முழு உள்ளங்கையும் பட்டால் பேடில் 'பளார்' என்று கேட்கும். அடிப்பகுதி மட்டும் பட்டால் 'தொம்' என்று அடங்கிய ஓசை வரும். "பளார்னு கேட்டா அது அறைம்மா, அடி இல்ல" என்று அவர் சொன்ன பிறகு, வகுப்பில் எல்லோரும் கையைவிடக் காதைத்தான் அதிகம் நம்பினோம். இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் விரித்து, 'வேண்டாம், விட்டுடுங்க' என்று சொல்லும் நிலையிலிருந்தே அடியைத் தொடங்கச் சொல்கிறார். சண்டைக்குத் தயாராவதாக அந்த நிலை தோன்றாது, ஆனாலும் கை முகத்துக்கு வெகு அருகில் இருக்கும். பின்னால் சிசிடிவி பதிவைப் பார்ப்பவருக்கும் யார் தவிர்க்க முயன்றார் என்பது தெரியும்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 1907-இல் ஷாங்காய் நகராட்சிக் காவல்துறையில் சேர்ந்த வில்லியம் ஃபேர்பேர்ன், பின்னர் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்குக் கற்றுக்கொடுத்தபோது, முகவாயைத் தாக்கும் உள்ளங்கை அடிக்கும் கை விளிம்பு அடிக்கும் முதன்மை இடம் தந்தார். சுமோவில் முஷ்டியால் குத்துவது விதிமீறல், உள்ளங்கையால் தாக்கலாம். ஜப்பானில் 1993-இல் தொடங்கிய பாங்க்ரேஸ் என்ற கலப்புத் தற்காப்புக்கலைப் போட்டிகளிலும் தலையில் மூடிய முஷ்டிக்குத் தடை இருந்தது; அந்த விதிக்குள்ளேயே நெதர்லாந்து வீரர் பாஸ் ருட்டன் உள்ளங்கையால் பலரை வீழ்த்திச் சாம்பியன் ஆனார். உள்ளங்கை அடியில் வலு இருக்காது என்று நினைப்பவர்கள் அந்தப் போட்டிப் பதிவுகளைப் பார்க்கலாம்.

இனி குறைகள். பேட் பிடிப்பவர் கடைசி வரை நின்ற இடத்திலேயே நிற்கிறார். நெருங்கி வருபவரை, தள்ளுபவரை, சட்டையைப் பிடிப்பவரை அடித்துப் பழகாமல் நிற்கும் பேடை மட்டும் அடிப்பது பாதிப் பயிற்சிதான். விரித்த கையின் எல்லைகளையும் மாஸ்டர் சொல்வதில்லை. முஷ்டியைவிட எட்டும் தூரம் குறைவு. மணிக்கட்டு அதிகமாகப் பின்னால் வளைந்தால் சுளுக்கும். விரல் நீட்டியிருந்தால் சட்டையிலோ எதிரியின் கையிலோ சிக்கி மடங்கும். வயிறு போன்ற மென்மையான இடத்தில் முஷ்டிக்கு இந்த முறிவு அபாயம் அதிகம் இல்லை. அதையும் சேர்த்தே விலக்கிவைப்பது கொள்கைப் பிடிவாதமாகப் படுகிறது.

எனக்குப் பெரிய குறையாகத் தோன்றியது, காதில் உள்ளங்கையால் அறைவதை 'பாதுகாப்பான' அடி என்று சொல்லித்தந்ததுதான். செவிப்பறை கிழியக் கூடும். தலையில் படும் எந்த அடியானாலும், விழுபவரின் தலை தார்ச்சாலையில் மோதினால் விளைவு அடித்தவரின் கட்டுப்பாட்டில் இருக்காது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டிய தீங்குக்கு அந்த உரிமை நீளாது என்பதையும் அவை தெளிவாக்குகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தச் சட்டம் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. கட்டணத்துக்குள் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

அடிப்படை எதுவும் தெரியாதவர்களுக்கும், கணினியில் தட்டச்சு செய்து பிழைப்பதால் கையை உடைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கும் இந்த வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஏற்கெனவே பாக்ஸிங் பழகியவர்களுக்குப் புதிதாகக் கிடைப்பது குறைவு. சேருபவர்கள் மோதிரத்தைக் கழற்றிவிட்டு, நகத்தை வெட்டிக்கொண்டு போவது நல்லது. மணிக்கட்டு வலி இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு உள்ளங்கைக்குப் பதிலாக முன்கை, முழங்கை அடிகளையே மாஸ்டர் முதலில் தருகிறார்.