எஃப்டி ஆர்எக்ஸ்-7ல சீக்வென்ஷியல் டர்போ: பவர் எஃப்சியா, புது யுனிவர்சல் ஈசியுவா?

எஃப்டி, அதாவது மாஸ்டாவோட மூணாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7, வாங்கினவங்க எல்லாரும் என்னைக்காவது ஒருநாள் வந்து நிக்கிற இடம் இது. எஞ்சின ஓட்டுற ஒரிஜினல் கம்ப்யூட்டர் (ஈசியு) பத்தல, வேற போடணும், ஆனா 1,800 ஆர்பிஎம்லயே பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தோட அழுத்தம்) ஏற ஆரம்பிக்கிற, ரெண்டு டர்போ ஒன்னுக்கு அப்புறம் ஒன்னா வேலைக்கு வர்ற அந்த சீக்வென்ஷியல் செட்டப்ப விடவும் மனசு வரல. அப்போ எந்த ஈசியு?

மொதல்ல ஈசியு என்ன வேலை பண்ணணும்னு பாத்துருவோம், இது புரியாம ப்ராண்ட் பேசி பிரயோஜனமே இல்ல. இந்த வண்டியோட 13பி-ஆர்இடபிள்யூ ரோட்டரி எஞ்சின்ல ரெண்டு சின்ன ஹிட்டாச்சி டர்போ. 4,500 ஆர்பிஎம் வரைக்கும் எக்ஸாஸ்ட் கிட்டத்தட்ட மொத்தமும் மொத டர்போக்குத்தான் போகும், 10 பிஎஸ்ஐ அது தனியாவே குடுக்கும். அந்த நேரத்துல ப்ரீ-கன்ட்ரோல் கதவு வழியா கொஞ்சம் எக்ஸாஸ்ட் ரெண்டாவது டர்போக்கு கசிஞ்சு அத சுத்த வைக்கும், அது தள்ளுற காத்து எஞ்சினுக்கு போகாம சார்ஜ் ரிலீஃப் வால்வு வழியா திரும்பிரும், மொத டர்போ காத்து பின்பக்கமா ஓடிராம சார்ஜ் கன்ட்ரோல் வால்வு மூடி நிக்கும். 4,500 வந்ததும் டர்போ கன்ட்ரோல் (ரெண்டாவது டர்போக்கு முழுசா எக்ஸாஸ்ட் விடுற வால்வு) திறக்கணும், ரிலீஃப் மூடணும், சார்ஜ் கன்ட்ரோல் திறக்கணும். இதெல்லாம் ஒழுங்கா நடந்தாத்தான் பூஸ்ட் 8க்கு இறங்கி மறுபடி 10 ஏறும். ஒன்னு பிந்திச்சுன்னா அந்த இடத்துல வண்டி படுத்துரும், இல்லன்னா பூஸ்ட் எகிறிரும், ரோட்டரி எஞ்சின்ல எகிறின பூஸ்டுக்கு விலை ஏப்பெக்ஸ் சீல், அதாவது ரோட்டர் முனையில இருக்கிற சீல்.

எண்ணிப் பாத்தா டர்போ கன்ட்ரோலுக்கு மட்டும் 2 சொலினாய்டு (கரன்ட்ல திறந்து மூடுற சின்ன வால்வு), ஒன்னு ப்ரெஷர் பக்கம் ஒன்னு வேக்குவம் பக்கம், சார்ஜ் கன்ட்ரோல் 1, ரிலீஃப் 1, வேஸ்ட்கேட் (பூஸ்ட் அளவ கட்டுப்படுத்துறது) 1, ப்ரீ-கன்ட்ரோல் 1, மொத்தம் 6 அவுட்புட். கடைசி ரெண்டும் சும்மா ஆன்-ஆஃப் இல்ல, ட்யூட்டி சைக்கிள் வச்சு, அதாவது வேகமா ஆன்-ஆஃப் பண்ணி ஆன்ல இருக்கிற நேரத்த கூட்டிக் குறைச்சு, ஓட்டணும்.

பவர் எஃப்சியோட பெரிய பலமே இங்கதான். இந்த 6ஐயும் ஒரிஜினல் ஈசியு மாதிரியே ஓட்டுறதுக்குன்னு அபெக்ஸி பண்ணின பெட்டி அது, பழைய கனெக்டர்லயே மாட்டலாம், ஒரு வயர் வெட்ட வேணாம். எஞ்சின் உள்ள சீலுக்கு ஆயில் ஊட்டுற ஆயில் மீட்டரிங் பம்பையும் அதுவே பாத்துக்கும், இத யாரும் பெருசா சொல்றதில்ல ஆனா ரொம்ப முக்கியம், நிறைய யுனிவர்சல் ஈசியுக்கு அந்த பம்ப ஓட்டத் தெரியாது, அப்புறம் ஒவ்வொரு தடவையும் பெட்ரோல்ல 2-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஊத்தணும். குறைன்னா, அது 90கள் காலத்து மூளை. நாக் (பெட்ரோல் கலவை நேரம் தவறி வெடிக்கிறது) வந்தா கமாண்டர்ங்கிற அதோட சின்ன ஸ்க்ரீன்ல நம்பர் காட்டும், எஞ்சின் லைட்ட மினுக்கும், அதுக்கு மேல எஞ்சின காப்பாத்த எதுவும் பண்ணாது. லேப்டாப்புல ட்யூன் பண்ணணும்னா டேட்டாலாஜிட்ங்கிற இணைப்புப் பெட்டி தனியா வாங்கணும்.

அந்தப் பக்கம் ஹால்டெக், லிங்க் மாதிரி புது யுனிவர்சல் பெட்டிங்க. வைட்பேண்ட் (காத்து-பெட்ரோல் கலவைய அளக்கிற சென்சார்) ரீடிங் நேரா உள்ள வரும், ஃப்யூயல் ப்ரெஷர் விழுந்தா, கலவை லீன் ஆனா (பெட்ரோல் குறைஞ்சா) அந்த நொடியே கட் பண்ண வைக்கலாம், ரோட்டரிக்கு இதவிட நல்ல இன்சூரன்ஸ் கிடையாது. ஆனா சீக்வென்ஷியல் லாஜிக்க நீங்களோ உங்க ட்யூனரோ உக்காந்து எழுதணும். ஆர்பிஎம் 4,500ன்னு ஒரே நம்பர போட்டு விட்டா பத்தாது, ஏறும்போது 4,500ன்னா இறங்கும்போது அதவிட கீழ வேற நம்பர் வேணும், இல்லன்னா வளைவுல த்ராட்டில பிடிச்சுகிட்டு போகும்போது ரெண்டாவது டர்போ வரும் போகும் வரும் போகும், பின் சக்கரம் எப்ப வழுக்கும்னே தெரியாது.

எனக்கு தெரிஞ்ச ஒரு வண்டில நல்ல யுனிவர்சல் ஈசியு போட்டு ரெண்டு வாரம் மேப்ப மாத்தி மாத்தி பாத்தாங்க, 4,500க்கு மேல பூஸ்ட் 5 பிஎஸ்ஐய தாண்டல. கடைசில இன்டேக்குக்கு அடியில கை விட்டு ப்ரெஷர் டேங்க் (வால்வுகள தள்ளுற காத்த சேத்து வைக்கிற டேங்க்) ஹோஸ இழுத்தா, ரப்பர் ப்ளாஸ்டிக் பைப் மாதிரி காஞ்சு போய் கையோட முறிஞ்சு வந்துச்சு. புது ஹோஸ் போட்டதும் மொத ரன்லயே சரி. ஈசியு சொலினாய்டுக்கு கரன்ட் மட்டும்தான் குடுக்க முடியும், வால்வ தள்ளுறது அந்த ஹோஸ்ல இருக்கிற காத்து.

இன்னொரு வழி நான்-சீக்வென்ஷியல். டர்போ கன்ட்ரோலையும் சார்ஜ் கன்ட்ரோலையும் திறந்தே, ரிலீஃப மூடியே வச்சு ரெண்டு டர்போவும் எப்பவும் சேர்ந்து ஓடும், ஹோஸ் கூட்டம் முக்கால்வாசி காலி, எந்த ஈசியுவும் போதும். ட்ராக்குக்கு சரி. ரோட்டுக்கு எனக்கு பிடிக்கல, கீழ இருந்த அந்த இழுவை போயிரும், அதுக்காகத்தானே இந்த வண்டி.

என் முடிவு: டர்போ ஸ்டாக், ஸ்டாக் 550, 850 சிசி இன்ஜெக்டர், ஓரளவு எக்ஸாஸ்ட் மட்டும் மாத்தினதுன்னா பவர் எஃப்சி, கூட தனியா ஒரு வைட்பேண்ட் கேஜ். பெரிய இன்ஜெக்டர், எத்தனால்னு போறவங்க யுனிவர்சல் பக்கம் போங்க, ஆனா ட்யூனர்கிட்ட முதல் கேள்வியே "இதுக்கு முன்னாடி எஃப்டி சீக்வென்ஷியல் பண்ணிருக்கீங்களா"ன்னு இருக்கட்டும். அவர் உடனே நான்-சீக்வென்ஷியல் பண்ணிரலாம்னு சொன்னார்னா வேற ஆள பாருங்க. எது வாங்கினாலும் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி வேக்குவமும் ப்ரெஷரும் குடுக்கிற கை பம்ப் ஒன்னு கடன் வாங்கி, வால்வுகள அசைக்கிற ஒவ்வொரு ஆக்சுவேட்டரா பிடிச்சு நிக்குதான்னு பாத்துருங்க, ஹோஸ் எல்லாத்தையும் சிலிக்கோனுக்கு மாத்திருங்க.