25 விழுக்காடு இடத்தில் எல்கேஜி: ஒரு தாயின் மதிப்பீடு

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலாக, தனியார் சுயநிதிப் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்தத் தொடக்க வகுப்பு பெரும்பாலும் எல்கேஜி. அத்தகைய இடத்தில் 2024இல் சேர்ந்த என் மகள் இப்போது யுகேஜியை முடிக்கிறாள்.

ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள், பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் என்ற வரம்புகள் எங்களுக்குப் பொருந்தியதால், இ-சேவை மையத்தில் சான்றிதழ்களைப் பதிவேற்றினோம். இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்திருந்தன. பள்ளியிலேயே பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் நடந்தது. மகளின் பெயர் வாசிக்கப்பட்டபோது, பக்கத்திலிருந்த பெண் தம் சான்றிதழ்களை மஞ்சள் பையில் திரும்ப மடித்து வைத்துக்கொண்டிருந்தார். மகிழ்ச்சியைக் காட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கற்பித்தலில் எனக்குக் குறையே இல்லை. கட்டணம் செலுத்துவோரின் பிள்ளைகளுடன் ஒரே பாயில் அமர்ந்து பாடுகிறாள். யார் எந்த ஒதுக்கீடு என்பது அந்த வகுப்பு ஆசிரியைக்குத் தெரிந்திருந்தாலும் அவர் நடத்தையில் ஒருநாளும் தெரிந்ததில்லை. இத்திட்டத்தின் சமூகப் பயன் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

குறை பணத்தில் இருக்கிறது. அரசு தன் பள்ளியில் ஒரு குழந்தைக்குச் செலவிடும் தொகை, தனியார் பள்ளியின் கட்டணம் ஆகிய இரண்டில் குறைவானதையே அத்தனியார் பள்ளிக்கு ஈடுசெய்கிறது. புதிய கட்டடமும் புதிய பணியிடமும் இல்லாமலேயே இடம் கிடைப்பதால் அரசுக்கு இது சிக்கனமான ஏற்பாடு. ஆனால் அத்தொகை காலம் தாழ்ந்து வந்தால், சுமை பெற்றோர் தலையில் இறங்குகிறது. புத்தகம், சீருடை, ஸ்மார்ட் கிளாஸ் எனச் சொல்லி எங்களிடம் முதல் ஆண்டே 9,000 ரூபாய் வாங்கினார்கள். ரசீது கேட்டதற்கு, மகளின் டைரியின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். 2025-26இல் மத்திய, மாநில அரசுகளுக்கிடையிலான நிதி இழுபறியால் சேர்க்கையே அக்டோபரில்தான் தொடங்கியது.

இன்னொன்று, அங்கன்வாடியில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மதிய உணவும் முட்டையும் கிடைக்கின்றன. என் மகளுக்கு டப்பாவில் நான் கட்டிக் கொடுப்பதுதான். ஈடுதொகையைக் கணக்கிடுவோர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் விண்ணப்பியுங்கள் என்றே சொல்வேன். சேர்க்கை நாளன்றே, எதற்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.