பிளேட் பிரமாதம், பேரிங்தான் பிராணனை வாங்குகிறது

நான் வாங்கி வீட்டிலேயே மாட்டிய கிளட்ச் செட்டின் விலை குறைந்திருக்கிறது, தானும் வாங்கி அப்படியே மாட்டிவிடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவரிடம் இருப்பதும் என்னுடையதைப் போன்ற பழைய மாருதி ஆல்ட்டோதான். 796 சிசி, கேபிளில் இயங்கும் கிளட்ச். போனில் சொல்ல ஆரம்பித்தால் திட்டுவதிலேயே நேரம் போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஜினின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் வட்டத் தகடான பிளேட்டில் ஒரு குறையும் இல்லை. பழைய பிளேட்டோடு கொல்லிமலைக்குப் போனால், அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டியதுமே இன்ஜின் அலறும், வண்டி நகராது, கருகல் வாடை மூக்கில் ஏறும். இப்போது 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிடித்த பிடி விடாமல் ஏறுகிறது. எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்று, ஏற்றத்தில் மறுபடி எடுக்கும்போதும் உதறல் இல்லை. பெடலும் இலகுவாகிவிட்டது. முன்பெல்லாம் நகர நெரிசலில் ஓட்டிவிட்டு வந்தால் இடது முழங்கால் வலிக்கும்; அந்தத் தொல்லை ஒழிந்தது.

நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் ஊரில், திரும்பிய பக்கமெல்லாம் மெக்கானிக் இருக்கும்போது கிளட்ச் மாற்றுவதற்காக வீட்டு வாசலில் கியர்பாக்ஸ் இறக்குவது ஒருவகைத் திமிர்தான். எதிர்வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் ஆயில், இரண்டு பக்க ஆக்ஸில் என்று கழற்றுகிற வேலையெல்லாம் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் செய்யக்கூடியதே. புது பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுபடி ஏற்றுவதுதான் வேலை. கியர்பாக்ஸின் தண்டு, பிளேட்டின் நடுவில் உள்ள பல் துளைக்குள் நேராக நுழைய வேண்டும். கீழே படுத்துக்கொண்டு, நெஞ்சுக்கு மேலே அந்த எடையைத் தாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளையைத் தேட வேண்டும். கை ஓய்ந்துவிட்டதென்று பாதி நுழைந்த நிலையில் அப்படியே தொங்கவிட்டால் பிளேட் கோணிவிடும். பிறகு கியர் விழாது. ஏதாவது ஒரு கியரில் போட்டுவிட்டு, ஆக்ஸில் நுழையும் இடத்தை மெல்லத் திருப்பினால் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும். தடக்கென்று ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தது பாருங்கள், எதிர்வீட்டுக்காரரே எழுந்து வந்துவிட்டார்.

இத்தனைக்கும் பிறகு அந்தப் பேரிங்.

பிளேட், பிரஷர் பிளேட்டோடு அதே பெட்டியில் ரிலீஸ் பேரிங்கும் வருகிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பொருள். பெடலை மிதித்ததும் இதுதான் போய் பிரஷர் பிளேட்டின் விரல் போன்ற தகடுகளை அழுத்துகிறது. மாட்டிய சில வாரங்களிலேயே சத்தம் தொடங்கிவிட்டது. பெடலில் காலை லேசாக வைத்தால் ‘கிரீச்’. முழுதாக மிதித்தால் அடங்கும். காலை எடுத்தால் சுத்தமாக நிற்கும். கேபிளில் இருக்க வேண்டிய தளர்வு சரியாக இருக்கிறது, பேரிங்கைத் தள்ளும் கவையில் கிரீஸ் இருக்கிறது. பேரிங் தொடும் நொடியில் சத்தம் பிறக்கிறது என்றால் வேறு எதைச் சந்தேகிப்பது? சிக்னலில் நின்று முதல் கியர் போடும்போதெல்லாம் பக்கத்து ஸ்கூட்டர்காரர் குனிந்து தன் வண்டியைப் பார்க்கிறார்.

வாங்கிய கடையில் போய்ச் சொன்னேன். “பெட்ரோலில் கழுவினீர்களா, சார்?” என்றார் கடைக்காரர். மூடிய பேரிங்கைக் கழுவினால் உள்ளிருக்கும் கிரீஸ் போய்விடும் என்பது எனக்கும் தெரியும், கழுவவில்லை என்றேன். உடனே பெருந்தன்மையோடு சொன்னார்: “அப்படியென்றால் கழற்றிக்கொண்டு வாருங்கள், இலவசமாகவே மாற்றித் தருகிறேன்.”

கழற்றிக்கொண்டு! அதைக் கழற்ற மறுபடி பேட்டரி, ஸ்டார்ட்டர், ஆக்ஸில், ஆயில், கியர்பாக்ஸ். அந்தச் செட்டிலேயே விலை குறைந்த பாகம், எல்லாவற்றையும் இறக்கினால்தான் கைக்கு எட்டும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதில் போய்க் காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

நியாயமாகப் பார்த்தால், சத்தத்தைத் தவிர அந்தப் பேரிங்கால் இதுவரை ஒரு பாதிப்பும் இல்லை. கியர் வெண்ணெயாக விழுகிறது. பட்டறைக் கூலியும் மிச்சம். பிளேட்டுக்காக மட்டும் என்றால் ஐந்துக்கு நாலரை தரலாம். ஆனால் இன்று காலையும் கிரீச்சிட்டது. ஆகவே ஒன்றுதான் தருவேன். வாங்காதீர்கள். விலை இன்னும் பாதியாகக் குறைந்தாலும் வாங்காதீர்கள்.

இதற்கு மேலும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பேரிங்கை மட்டும் வேறு நல்ல கடையில் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டுவதற்கு முன் விரலில் செருகிச் சுற்றிப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கிளட்ச் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள். உதவிக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.