களியை விழுங்கும் பிள்ளை, சோற்றை ஒதுக்குவது ஏன்? பெற்றோர் கேள்வித்தாள்கள் மூன்று: ஓர் ஒப்பீடு

அங்கன்வாடியில் எடை பார்த்தால் எந்தப் பிள்ளை இளைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஏன் இளைத்தது என்று தராசு சொல்லாது. வீட்டில் சாப்பாடு பத்தவில்லையா, வயிற்றில் பூச்சியா, பல் சொத்தையா, அல்லது எல்லாம் இருந்தும் பிள்ளை தானாகத் தவிர்க்கிறதா? இந்தக் கடைசி வகைக்குத்தான் 2013-இல் வந்த டி.எஸ்.எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வரையறைக் கையேடு) ஆர்ஃபிட் (ARFID), அதாவது உணவைத் தவிர்க்கும் அல்லது குறைத்து உண்ணும் கோளாறு, என்று பெயர் வைத்தது. உடம்பு பெருத்துவிடும் என்ற பயம் இதில் இல்லை. உணவின் பதம், வாசனை, ருசி ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பசியே எடுக்காமல் இருக்கலாம். தொண்டையில் அடைக்கும், வாந்தி வரும் என்ற பயம் இருக்கலாம். உணவு கிடைக்காததால் வந்த குறைவு இதில் சேராது என்று வரையறையே சொல்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேள்வித்தாளை எடுப்பவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்.

ஆர்ஃபிட் இருக்கலாமா என்று பார்க்கக் கைக்கு எட்டும் கேள்வித்தாள்கள் மூன்று. நியாஸ் (NIAS) ஒன்பதே கேள்விகள் கொண்டது; பெற்றோர் பதில் சொல்லும் வடிவமும் உண்டு. மான்ட்ரியல் குழந்தைகள் மருத்துவமனையின் உணவூட்டல் அளவுகோலில் 14 கேள்விகள். 6 மாதம் முதல் 6 வயது வரைக்கானது. மூன்றாவது பார்டி-ஏஆர்-கியூ (PARDI-AR-Q). நேர்காணலாக இருந்த பார்டியிலிருந்து எடுத்த கேள்வித்தாள் இது. மூன்றில் எதைத் தமிழாக்கினாலும் உருவாக்கியவர்களிடம் அனுமதி வாங்கித்தான் தொடங்க வேண்டும்.

பள்ளி முகாமில் நியாஸுக்கு ஈடு இல்லை. ஐந்து நிமிடத்தில் முடியும். மூன்று கேள்வி ஒதுக்கித் தின்பது பற்றி, மூன்று பசி பற்றி, மூன்று பயம் பற்றி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 மதிப்பெண். ஒவ்வொரு பிரிவுக்கும் 15, மொத்தம் 45. மொத்தத்தைப் பார்த்து முடிவு கட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. 13, 4, 0 என்று வாங்கிய பிள்ளைக்கும் 5, 6, 6 வாங்கிய பிள்ளைக்கும் மொத்தம் 17தான். ஆனால் முதல் பிள்ளையின் சிக்கல் ஒரே பிரிவில் குவிந்திருக்கிறது. ஒதுக்கலுக்கு 10, பசிக்கு 9, பயத்துக்கு 10 என்று ஆய்வுகளில் வந்த வெட்டுப்புள்ளிகளும் (தொட்டால் கவனிக்க வேண்டிய எண்கள்) நம் ஊர்ப் பிள்ளைகளிடம் எடுத்தவை அல்ல. அழைத்துப் பேச வேண்டிய பிள்ளையைக் காட்டும் குறியாக மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளலாம்.

நியாஸ் தடுமாறுவது மொழிபெயர்ப்பில். 'உங்கள் குழந்தை உணவைத் தேர்ந்தெடுத்து உண்பவரா' என்று கேட்டால் அம்மாவுக்கு அது பாராட்டுப் போலக் காதில் விழும். 'வெச்சதுல இது வேணா, அது வேணான்னு ஒதுக்கறானா' என்று கேட்டால்தான் கேள்வி போய்ச் சேரும். தொண்டையில் அடைப்பதை 'மூச்சுத்திணறல்' என்று எழுதிய தாளைப் படித்தால் 'அவனுக்கு வீசிங் இல்லீங்க' என்று பதில் வரும். 'விக்கல்' என்றாலும் தப்பு, 'புரையேறுது' என்றால் பாதி சரி. 'தொண்டையில சிக்கிக்கும்னு பயப்படறானா' என்பது நிற்கிறது. 'உணவு' என்ற சொல்லிலும் ஒரு குழி இருக்கிறது. இங்கே சாப்பாடு என்றால் சோறு, களி. 'ஒண்ணுமே துன்ன மாட்டேங்கறான்' என்று சொல்லும் அதே வீட்டில் அந்தப் பையன் நாளைக்கு மூன்று ஐந்து ரூபாய் பாக்கெட்டும் ஒரு பிஸ்கட் கட்டும் காலி செய்திருப்பான். அதனால் பசிப் பிரிவுக்கு முன்னால் 'நேத்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் வாயில என்னென்ன போச்சு, டீ, பாக்கெட் எல்லாம் சேர்த்து' என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனாலும் அடுத்து வரும் பதில்களை அதுதான் நேராக்கும்.

பிடித்த உணவுப் பட்டியல், பிடிக்காததை விடச் சின்னதா என்ற கேள்வி இன்னும் சிக்கல். காலையில் களி, மதியம் சோறு, ராத்திரி மறுபடியும் களி, தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலோ அவரைக்கொட்டைக் குழம்போ என்று நடக்கும் வீட்டில் பட்டியலே சின்னதுதான். பிள்ளை ஒதுக்கியதையும் வீட்டில் இல்லாததையும் பிரிக்காமல் கேட்டால் வறுமை நோயாகப் பதிவாகிவிடும். சளி பிடித்தால் வாழைப்பழம், தயிர் கொடுக்காத வீட்டில் தவிர்ப்பவர் அம்மா, பிள்ளை அல்ல.

களியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். களியை மெல்ல மாட்டார்கள். உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவார்கள். இரண்டு வேளைக் களியும் இறங்குகிறது, சோறு, சப்பாத்தி, முட்டை என்றால் துப்புகிறது என்ற பிள்ளைக்கு மெல்லுவதிலோ பதத்திலோ சிக்கல் இருக்கலாம். நியாஸில் இதற்குக் கேள்வியே இல்லை. மான்ட்ரியல் அளவுகோலில் உண்டு: வாயில் வைத்திருப்பது, குமட்டுவது, துப்புவது எல்லாம் கேட்கும். ஐந்து வயதுக்குள்ளே அதையே எடுக்கலாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

அந்த அளவுகோலின் தொல்லை வேறு. ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 7 வரை. பாதிக் கேள்விகளில் 7 நல்லது, மீதியில் 7 கெட்டது. திருப்பிப் போட மறந்தால் நன்றாகச் சாப்பிடும் பிள்ளை தீவிரப் பட்டியலில் வந்து உட்காரும். இரண்டு முனைக்கு மட்டும் சொல் கொடுத்து நடுவில் வெறும் எண் வைத்திருப்பதால் பலர் 1 அல்லது 7-ஐத்தான் தொடுவார்கள். சின்னதிலிருந்து பெரியதாக ஏழு புள்ளி வரைந்த அட்டையைக் காட்டிக் கேட்டால் நடு எண்களும் வரும். டி-மதிப்பு (மொத்த மதிப்பெண்ணை மற்றப் பிள்ளைகளின் சராசரியோடு ஒப்பிட்டு மாற்றிய எண்) 61-ஐத் தொட்டால் சிக்கல், 70-ஐத் தாண்டினால் தீவிரம் என்ற கணக்கு கனடாப் பிள்ளைகளை வைத்துப் போட்டது.

பார்டி-ஏஆர்-கியூ மூன்றிலும் ஆழமானது. எடை, வளர்ச்சி, சத்துக்குறைவு, வெளியில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட முடியாத நிலை என்று விளைவுகளையும் கேட்கிறது. மற்ற இரண்டும் அவ்வளவு தூரம் போகாது. முகாமில் வரிசையில் நிற்கும் தாயிடம் இதை நீட்டக் கூடாது. முதல் சல்லடையில் நின்ற பிள்ளைக்கு, மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் (வளர்ச்சிச் சிக்கல் உள்ள பிள்ளைகளைப் பார்க்கும் அரசு மையம்) உட்கார வைத்துக் கேட்கலாம்.

தாளைக் கையில் கொடுத்து நிரப்பச் சொல்வதா, வாசித்துக் காட்டுவதா? இந்த இரண்டு மாவட்டத்தில் வாசிப்பதுதான் சரி. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள்; பணியாளர் அங்கேயே மனதுக்குள் மொழிபெயர்த்துக் கேட்டால் பத்துப் பணியாளருக்குப் பத்துக் கேள்வித்தாள் ஆகிவிடும். அந்த மொழிகளிலும் எழுதி, இன்னொருவரைக் கொண்டு திரும்ப மொழிபெயர்த்துச் சரிபார்த்து, ஐந்தாறு தாய்மாரிடம் 'இந்தக் கேள்வி உங்களுக்கு என்னன்னு புரிஞ்சுது' என்று கேட்டபின் செல்பேசியில் குரலாகப் பதிந்து வைப்பது நல்லது. பென்னாகரம், அரூர்ப் பக்கம் பெற்றோர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போயிருப்பார்கள், பிள்ளை பாட்டியிடம் இருக்கும். 'போன ஒரு மாசமா யாரு சோறு போடறது' என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். தீபாவளிக்கு வந்த அம்மாவின் பதிலுக்கு எண் போடுவதில் பயனில்லை.

பன்னிரண்டு வயதைத் தாண்டிய பெண் பிள்ளைகளுக்கு நியாஸ் மட்டும் போதாது. உடல் எடை பற்றி அது எதுவும் கேட்காது. பெருத்துவிடும் பயத்தில் சாப்பாட்டைக் குறைக்கும் அனோரெக்ஸியா உள்ள பிள்ளையும் பசிப் பிரிவில் உயர்ந்த எண் வாங்கலாம். தடிச்சிடுவேன் என்று சொல்கிறாளா, கண்ணாடி முன் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறாளா, மாதவிலக்கு நின்றிருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

எந்தத் தாளில் எண் உயர்ந்தாலும் உயரம், எடை, ஹீமோகுளோபின், பல் ஆகியவற்றைப் பார்க்காமல் பெயர் சூட்டக் கூடாது. கை சுற்றளவு நாடாவில் இளைப்புக்கான எல்லையான 12.5 சென்டிமீட்டருக்கு மேல் காட்டும் பிள்ளையும் தப்பிவிடக் கூடும்: பிஸ்கட்டும் பாலும் மட்டுமே உள்ளே போகிற பிள்ளை எடையில் சரியாக இருந்துகொண்டே இரத்தசோகையில் இருக்கும். இன்னொரு சோதனைக்குக் காசே ஆகாது. சத்துணவு அமைப்பாளரிடம், அந்தப் பிள்ளை முட்டையை என்ன செய்கிறது என்று கேளுங்கள். வீட்டில் 'எல்லாம் தின்னுவான்' என்று சொன்ன பையன் ஒவ்வொரு நாளும் அதைப் பக்கத்துத் தட்டில் வைக்கிறான் என்றால், ஒதுக்கல் பிரிவின் மூன்று கேள்விகளையும் திரும்பக் கேட்க வேண்டும்.